பாதியில் நிற்கும் கதைக்கு விளையாட்டு உதவுமா? வாசகர் கேள்வி – பதில்

எழுதிக்கொண்டிருக்கும் படைப்பை நகர்த்தும் இணைய விளையாட்டுகள், கருவிகள் பற்றிக் கேட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கடிதம் எழுதிய ஏறக்குறைய எல்லாரிடமும் முடியாத கதை ஒன்று இருக்கிறது. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தே கருவியைச் சொல்லியிருக்கிறோம். இடம் தெரியாமல் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் கதை இருந்த இடத்திலேயே இருக்கும்.

கேள்வி: பால்மரக் காலத்தைப் பற்றி ஒரு நாவல் தொடங்கினேன். ஐந்தாவது அத்தியாயத்தையே திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நவம்பர் மாதத்தில் 50,000 சொல் எழுதும் விளையாட்டு இணையத்தில் உண்டு என்கிறான் பேரன். தமிழில் எழுதுகிறவன் அதில் சேர முடியுமா?
— ஓய்வுபெற்ற கிராணி

பதில்: ஐயா, பேரன் சொல்வது நானோரைமோ. 1999-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 21 பேர் சேர்ந்து தொடங்கியது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நடத்திவந்த அமைப்பு 2025-இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் அந்த விளையாட்டுக்கு அமைப்பின் அனுமதி தேவையில்லை. விதி மிக எளிது: 30 நாள், 50,000 சொல், நாளுக்கு 1,667. முடியும்வரை திருத்தக் கூடாது. உங்களுக்கு மருந்து அந்தக் கடைசி விதிதான்.

தமிழுக்கு 50,000 வேண்டாம். ஆங்கிலத்தில் தனித்தனியாக நின்று எண்ணிக்கையில் சேரும் சிறுசொற்கள் பலவும் நம் மொழியில் உருபாகவும் விகுதியாகவும் ஒட்டிக்கொள்கின்றன. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று எழுதினால் கணினிக்கு அது ஒரே சொல். 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு 1,000. கையால் எழுதுபவர் என்றால், ஏற்கெனவே எழுதிய மூன்று முழுப் பக்கங்களில் உள்ள சொற்களை எண்ணி மூன்றால் வகுங்கள். 160 வந்தால் நாளுக்கு ஆறேகால் பக்கம். அதன்பின் சொல்லை எண்ணவே வேண்டாம், பக்கத்தை எண்ணினால் போதும்.

நவம்பரையும் விட்டுவிடலாம். தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வந்து நிற்கும். வீட்டில் முறுக்கு பிழியும் வாரத்தில் 1,000 சொல் எழுதுவது எளிதல்ல. பொங்கல் முடிந்த மறுவாரம் தொடங்கி முப்பது நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் இதில் தோற்பது பத்தாம் நாள்வாக்கில். இரண்டு நாள் விட்டுப்போனதும் மூன்றாம் நாள் 3,000 எழுத உட்கார்ந்து, முடியாமல், முழுவதையும் கைவிடுகிறார்கள். விட்டதை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள், மீதி நாள் முழுவதற்கும் பங்கிடுங்கள். பத்தாம் நாள் முடிவில் 10,000 இருக்க வேண்டிய இடத்தில் 6,000 தான் இருக்கிறதா? மீதி 24,000, மீதி நாள் 20. இனி நாளுக்கு 1,200. கூடுதல் வெறும் 200 சொல்தான். இந்தக் கணக்கைத் தானே போட்டு வரைபடமாகக் காட்டும் இலவசத் தளங்கள் உண்டு. டிராக்பேர் அவற்றில் ஒன்று, சொல்லுக்குப் பதில் பக்கத்தையும் அதில் இலக்காக வைக்கலாம். வருகையைக் குறிக்கும் பெரட்டுப் புத்தகமும் சம்பளக் கணக்கான செக்ரோலும் எழுதிய கைக்கு அது தேவைப்படாது. சுவரில் ஒரு பெரிய தாள், 30 கட்டம், நீல மசி போதும்.

ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்த வேண்டும் என்று கை அரிக்கும்போது, திருத்த நினைத்ததை ஓரத்தில் ஒரு வரிக் குறிப்பாக எழுதிவிட்டு ஆறாவதைத் தொடங்குங்கள். ஐந்தாவது ஏன் சரியாக வரவில்லை என்பது பெரும்பாலும் ஒன்பதாவது எழுதும்போதுதான் தெரியும்.

கேள்வி: ஒரு சொல்லெண்ணி விளையாட்டில் மாணவர்களை எழுதவைத்தேன். 60 சொல் எழுதிய பையனுக்கு 170-க்கு மேல் காட்டியது. இன்னொரு தளத்தில் எல்லாருக்கும் பூஜ்யம். கணினியில் கோளாறா?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: டீச்சர், கணினி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தளங்களை எழுதியவர்கள் தமிழை நினைத்துப் பார்க்கவில்லை.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் 'தோட்டம்' என்ற சொல்லைக் கணினி இப்படி வைத்திருக்கிறது: த, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி. நம் கண்ணுக்கு தோ, ட், ட, ம் என்று நான்கு எழுத்து, அதன் கணக்கில் ஏழு. இந்த ஏழில் த, ட, ட, ம ஆகிய நான்கை மட்டும் எழுத்து என்றும், உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் எழுத்தல்லாத வேறு குறிகள் என்றும் யூனிகோட் வகைப்படுத்துகிறது. 'எழுத்துகள் தொடர்ந்து வந்தால் ஒரு சொல்' என்று மட்டும் நிரல் எழுதியிருந்தால், குறி வரும் இடத்தில் எல்லாம் சொல் முடிந்ததாக அது நினைத்துக்கொள்ளும். அப்போது 'தோட்டம்' என்பது 'த', 'ட', 'டம' என மூன்று சொல்லாகிவிடும். உங்கள் மாணவனின் 60 சொல் 170 ஆனது இப்படித்தான். பூஜ்யம் காட்டும் தளமோ ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்வதில்லை. இடைவெளியை வைத்து எண்ணும் தளங்கள் தமிழுக்குச் சரிவரும்.

எந்தத் தளமானாலும் முதலில் 'அம்மா தோட்டத்துக்குப் போனார்' என்று தட்டிப் பாருங்கள். 3 காட்டினால் பயன்படுத்தலாம். வேறு எந்த எண்ணைக் காட்டினாலும் மூடிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி: போட்டி அறிவிப்பில் '1,000 எழுத்துக்குள்' என்று இருந்தால், கணினி எண்ணுகிறதா, மனிதர் எண்ணுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு வரும், பிள்ளைகள் வீணாக வெட்டிச் சுருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எழுதுவதை நிறுத்தினால் எழுதியதெல்லாம் அழிந்துபோகும் செயலி இருக்கிறதாமே! அதில் தமிழில் எழுதலாமா? பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது.
— கிளினிக் தாதி

பதில்: தி மோஸ்ட் டேஞ்சரஸ் ரைட்டிங் ஆப் என்று அதற்குப் பெயர். 2016-இல் வந்தது. நேரத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அந்த நேரம் முடிவதற்குள் ஐந்து விநாடி கை நின்றால் எழுதியது முழுக்கப் போய்விடும், மீட்க வழி கிடையாது. ரைட் ஆர் டை என்ற மூத்த கருவியிலும் காமிகாசி என்றொரு நிலை உண்டு. கை நின்றால் எழுதிய சொற்கள் ஒவ்வொன்றாகக் கரையத் தொடங்கும். இவ்வளவு கடுமை வேண்டாம் என்பவர்களுக்கு ரிட்டன் கிட்டன் இருக்கிறது, 100 சொல் எழுதினால் ஒரு பூனைக்குட்டிப் படம் காட்டும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம், ஆனால் அடுத்த படத்துக்காக இன்னும் 40 சொல் எழுதிவிடுகிறவர்கள் நிறைய.

அழிக்கும் செயலியில் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, கீழே வரும் பட்டியலில் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையில் எழுதுபவராக இருந்தால், தேர்ந்தெடுக்கும் அந்த நேரத்தை உங்கள் கை நின்றதாகவே சில தளங்கள் எடுத்துக்கொள்ளும். பட்டியலில் 'ழ'வா 'ள'வா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து விநாடி ஓடிவிடும். தமிழ்99 அல்லது அஞ்சல் விசைமுகத்தில் எழுத்து உடனுக்குடன் திரையில் விழும். தமிழ்99-இல் ட என்ற விசையை இருமுறை தட்டினால் முதல் ட-வுக்குப் புள்ளி தானே வந்துவிடும். ங-வுக்குப் பின் க தட்டினாலும் அப்படியே. ஆகவே விசை குறைவு, கை நிற்பதும் குறைவு. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலிலும் கைப்பேசிக்கான செல்லினத்திலும் இரண்டு விசைமுகமும் உண்டு.

முதல் தடவை நாவலை அதில் எழுதாதீர்கள். யாருக்கும் அனுப்பப்போகாத ஒரு கடிதத்தை ஐந்து நிமிடம் எழுதிப் பழகுங்கள். தொடங்குமுன் காட்சியில் வரவேண்டிய மூன்று பொருளைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யோசனை அறுந்தால் அடுத்த பொருளின் பெயரைத் தட்டி அதிலிருந்து தொடரலாம். நேரம் முடிந்ததும் முதல் வேலை, முழுவதையும் நகலெடுத்து உங்கள் கோப்பில் ஒட்டுவது. அதைச் செய்யாமல் தேநீர் போட எழுந்துபோகக் கூடாது.

இருவர் பேசிக்கொள்ளும் காட்சி, சண்டை, ஒருவர் மனத்துக்குள் புலம்புவது ஆகியவை இதில் நன்றாக வரும். கவிதையும், காலக்குறிப்பும் பெயரும் சரிபார்த்து எழுத வேண்டிய வரலாற்றுப் பகுதியும் வரவே வராது. அவற்றுக்குக் கை நிற்கத்தான் வேண்டும்.

கேள்வி: என்னிடம் கணினி கிடையாது. செம்பனைக் குலை ஏற்றிய லாரியோடு ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் நேரம்தான் எனக்கு எழுதும் நேரம். கைப்பேசியில் என்ன வழி?
— லாரி ஓட்டுநர்

பதில்: தம்பி, வரிசையில் நிற்கும் அந்தப் பத்து நிமிடம் போதும். ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகும். எஞ்சின் ஓடும்போது பாதி தப்பும், அணைத்துவிட்டுப் பேசுங்கள். நிறுத்தக்குறிகளை நம்பாதீர்கள், ஒரு வாக்கியம் முடிந்ததும் அடுத்த வரிக்கு வந்துவிட்டால் பிறகு பிரித்துக்கொள்வது எளிது. தோட்டப் பேச்சுவழக்கை அது 'திருத்தி' எழுத்து நடைக்கு மாற்றிவிடும். உரையாடலை மட்டும் கையால் தட்டுவது நல்லது.

விளையாட்டுக்கு ஹாபிடிகா. உங்களுக்கு ஒரு பாத்திரம் இருக்கும். அன்றாடக் கடமையைச் செய்தால் பொன்னும் அனுபவமும் கூடும், தவறினால் உயிர்ப்புள்ளி குறையும். 'நாவல் எழுது' என்று கடமை வைக்காதீர்கள், அது என்றைக்கும் முடியாது. 'ஆலை வரிசையில் ஐந்து வரி' என்று வையுங்கள். குலை ஏற்றாத நாள்களை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால் வீணாக உயிர்ப்புள்ளி போகாது. ஃபாரஸ்ட் என்ற செயலியையும் பலர் சொல்வார்கள். நேரம் வைத்ததும் திரையில் ஒரு மரம் வளரும், கைப்பேசியில் வேறு வேலைக்குப் போனால் பட்டுப்போகும். எழுதுவதும் அதே கைப்பேசியில் என்றால் அது உங்களுக்குத் தோது இல்லை. தாளில் எழுதும் நாளில் பயன்படும்.

கேள்வி: சிறுகதை பாதியில் நிற்கிறது. மகள் பல்கலைக்கழகம் போகப் போவதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். எழுதினால் நாடக வசனம் மாதிரி வருகிறது. கதைக் கருவைத் தரும் இணையப் பகடைகள் இந்த மாதிரி இடத்தில் உதவுமா?
— படிவம் ஐந்து மாணவி

பதில்: உதவும், தங்கை. ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கும் பகடை உங்களுக்குப் பாதிதான் உதவும். ரோரிஸ் ஸ்டோரி கியூப்ஸ் என்ற பெட்டியில் ஒன்பது பகடை, 54 படம் இருக்கும். நல்ல பொருள்தான். என்றாலும் அதன் படங்கள் எந்த ஊருக்கும் பொதுவானவை. உங்கள் கதை நடப்பது தோட்டத்தில். ஆகவே பகடையை நீங்களே செய்யுங்கள். ஒரு மாலை வேலை.

தாளில் நான்கு பத்தி போடுங்கள்: ஆள், இடம், பொருள், தடை. ஒவ்வொன்றிலும் 12 வரி. ஆளில் தண்டல், ஆயாக் கொட்டகைப் பாட்டி, கோயில் பூசாரி, பள்ளிப் பேருந்து ஓட்டுநர் என்று தொழிலோடு எழுதுங்கள். 'நல்லவர்', 'கெட்டவர்' வேண்டாம். இடத்தில் பெரட்டுக் களம், லயத்தின் கடைசி வீடு, பால் நிறுக்கும் ஸ்டோர், சடக்கோரத்து ஒட்டுக்கடை. பொருளில் பால் வடியும் மங்கு, பால் வாளி, காண்டாக் கம்பு, சம்பளச் சீட்டு, மூடி தொலைந்த சாப்பாட்டு டப்பா. தடையில் மட்டும் நடப்பதை எழுத வேண்டும்: திடீரென்று மழை, யாரோ ஒட்டுக்கேட்கிறார், மின்சாரம் போனது, பணம் எண்ணும்போது குறைகிறது. 'சோகம்', 'ஏமாற்றம்' போன்ற சொல் ஒன்றுகூட எந்தப் பத்தியிலும் இருக்கக் கூடாது. அவை கதையில் விளைய வேண்டியவை, பட்டியலில் முன்பே வந்துவிட்டால் எழுத ஒன்றும் மிஞ்சாது. நான்கு பத்தியிலும் 12 இருந்தால் 20,736 சேர்க்கை கிடைக்கும்.

12-இல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு பகடையைச் சேர்த்து உருட்டாதீர்கள். 1 வரவே வராது. 7 அடிக்கடி வரும், 12 முப்பத்தாறில் ஒரு தடவைதான். ஒரு பகடையும் ஒரு காசும் எடுங்கள். பூ விழுந்தால் பகடை எண் அப்படியே, தலை விழுந்தால் அதோடு 6 கூட்டுங்கள். 1 முதல் 12 வரை எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு.

இணையத்தில் வேண்டுமென்றால் பெர்சான்ஸ் என்ற இலவசத் தளம் இருக்கிறது. பட்டியலின் பெயரை ஒரு வரியில் எழுதி, அடுத்த வரிகளை இரண்டு இடைவெளி உள்ளே தள்ளி ஒவ்வொரு பொருளாக எழுத வேண்டும். உள்ளே தள்ள மறந்தால் ஒவ்வொரு பொருளையும் புதுப் பட்டியலாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். பட்டியலின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், உள்ளே இருப்பவை தமிழில் இருக்கலாம். கூகுள் ஷீட்ஸிலும் ரேண்ட்பிட்வீன் என்ற சார்பை வைத்துச் செய்யலாம். அதில் ஒரு தொல்லை: ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டு மாற்றினாலும் எண்கள் எல்லாம் மறுபடி உருண்டுவிடும். பிடித்த சேர்க்கை வந்தால் உடனே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் காட்சி. உருட்டியதில் ஆயாக் கொட்டகைப் பாட்டி, பால் ஸ்டோர், வாளி, மழை என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மகள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லப்போவதில்லை. மழை தூறத் தொடங்கிவிட்டது, பட்டை நனைந்தால் பால் மங்குக்குள் இறங்காமல் வெளியே வழிந்துவிடும், ஆகவே எல்லாரும் கிடைத்த பாலோடு ஸ்டோருக்கு விரைகிறார்கள். அப்பா நிறுவைக்கு வாளியை நீட்டியபடி நிற்கிறார். மகள் அங்கேதான் சொல்கிறாள். பின்னால் வரிசை நிற்பதால் அவரால் திரும்பிப் பேச முடியாது, எடையையும் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையைத் தேடி வந்த பாட்டிதான் முதலில் 'எந்தப் பல்கலைக்கழகம்?' என்று கேட்கிறார். அப்பா வாளியை வாங்கிக்கொண்டு நகர்கிறார், அவ்வளவுதான். வசனம் நான்கு வரிக்குள் முடிந்துவிடும். நாடகம் போல் வந்ததற்குக் காரணம், இருவரும் பேசுவதைத் தவிர வேறு வேலையில்லாமல் நின்றதுதான். கையில் வேலை வந்ததும் பேச்சு சுருங்கிவிட்டது.

ஒரு காட்சிக்கு ஒரு உருட்டு, பிடிக்காவிட்டால் இன்னும் ஒன்று. மூன்றாவது கிடையாது. இந்த விதியை உடைத்தால் மாலை முழுக்க உருட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் காலியான கதையை, வாசகரே வழியைத் தேர்ந்தெடுத்துப் படிக்கும்படி எழுத ஆசை. 'போவதா, இருப்பதா' என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். நிரல் எழுதத் தெரியாது.
— தோட்டத்தில் வளர்ந்த வாசகி

பதில்: அம்மா, ட்வைன் என்ற கருவி உங்களுக்காகவே செய்தது போன்றது. கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் வெளியிட்டார், இன்றும் இலவசம். கதையைச் சிறு சிறு பகுதிகளாக எழுதி, பகுதிகளுக்கு இடையே வழி போடுகிறோம். வழி போட இரட்டைச் சதுர அடைப்புக்குறி போதும். [[லயத்துக்குப் போ->லயம்]] என்று எழுதினால், வாசகருக்கு 'லயத்துக்குப் போ' என்பது தெரியும், தொட்டால் 'லயம்' என்ற பகுதி திறக்கும். அப்படி ஒரு பகுதி இல்லாவிட்டால் ட்வைனே வெறும் பகுதி ஒன்றை உருவாக்கி வைக்கும். நிரல் இவ்வளவுதான்.

இந்த வசதியே தமிழில் ஒரு வலை. பகுதியின் பெயரில் ஓர் இடைவெளி கூடினாலும் அதை வேறு பெயர் என்று எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு வெறும் பகுதியை நட்டுவிடும். இன்னும் நுட்பமான சிக்கல்: 'கொ' என்ற எழுத்தை ஒரே ஒகரக் குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு வெவ்வேறு. 'கொட்டகை' என்ற பகுதியைக் கணினியில் ஒரு விசைப்பலகையாலும் கைப்பேசியில் இன்னொன்றாலும் தட்டினால் வழி அறுந்து நிற்கும், காரணமும் புலப்படாது. பகுதியின் பெயரை ஒருமுறைக்கு மேல் தட்டாதீர்கள். நகலெடுத்து ஒட்டுங்கள். பெயரைச் சுருக்கமாகவும் வையுங்கள்.

அடுத்தது கதையின் அமைப்பு. ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு வழி வைத்து, எந்த வழியும் மறுபடி சேராமல் பத்துப் படி போனால் 1,024 முடிவு எழுத வேண்டிவரும். முதன்முறை எழுதுபவர்கள் ஐந்தாம் படியில் களைத்துவிடுவது இதனால்தான். உங்கள் கதையில் யாரும் தப்ப முடியாத கட்டங்கள் இருக்குமே: அறிவிப்பு வந்த நாள், கோயிலில் கூடிய கூட்டம், லாரியில் சாமான் ஏற்றிய காலை. இந்த மூன்றையும் எல்லா வழியும் வந்து சேரும் கட்டங்களாக வையுங்கள். இடையில் மட்டும் இரண்டு மூன்று கிளை. 15 முதல் 20 பகுதிக்குள் முடியும். கூட்டத்தில் பேசினாரா, வாய் திறக்கவில்லையா என்பதை நினைவில் வைத்துக் கடைசியில் வேறு வரி காட்டவும் ட்வைனில் வழி உண்டு. முதல் வரைவில் அது வேண்டாம், எல்லா வழியும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு சேர்க்கலாம்.

இதை மறக்காதீர்கள்: ட்வைனை உலாவியில் திறந்து எழுதினால் கதை அந்தக் கணினியின் அந்த உலாவிக்குள் மட்டுமே இருக்கிறது, எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. யாராவது உலாவியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும். ஐபோன், ஐபேட்டில் சஃபாரி உலாவியைப் பயன்படுத்திக்கொண்டே ஏழு நாள் அந்தத் தளத்தை மட்டும் திறக்காமல் இருந்தாலே கதை அழிக்கப்படலாம். எழுதி முடித்த ஒவ்வொரு நாளும் கதைத் தொகுப்பைக் கோப்பாக இறக்கி வையுங்கள், அல்லது கணினியில் நிறுவும் ட்வைனையே பயன்படுத்துங்கள். முடிந்த கதையை வெளியிடும் கட்டளை கொடுத்தால் ஒரே ஒரு கோப்பு கிடைக்கும். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆவணமாக அனுப்பினால் உறவினர்கள் கைப்பேசி உலாவியில் திறந்து படிக்கலாம், இணையமும் தேவைப்படாது.

கேள்வி: எங்கள் புலனக் குழுவில் பதினோரு பேர் எழுதுகிறோம் என்கிறோம், வாழ்த்துப் படங்கள்தான் ஓடுகின்றன. குழுவாக விளையாட ஏதாவது சொல்லுங்கள்.
— வாசகர் வட்டப் பொறுப்பாளர்

பதில்: இந்நாட்டில் சேர்ந்து எழுதிப் பழகுவது புதிதல்ல. 1950-களின் தொடக்கத்திலேயே தமிழ் நேசன் நாளிதழ் கதை வகுப்பு நடத்தியிருக்கிறது. இன்று புலனத்தில் அதற்குத் தோதான வடிவம் ஓட்ட எழுத்து.

வாரம் இரண்டு நாள், இரவு 8.30. அதற்கு மேல் வைத்தால் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறவர்கள் கலந்துகொள்ள மாட்டார்கள். 8.25-க்கு ஒவ்வொருவரும் என்ன எழுதப்போகிறார் என்று ஒரு வரி இட வேண்டும். 'நாவல்' என்று இடக் கூடாது, 'அக்காள் பேருந்தில் ஏறும் இடம்' என்று இட வேண்டும். 8.30-க்குப் பொறுப்பாளர் மணியடித்ததும் எல்லாரும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறார்கள். 8.50-க்கு நிறுத்தம். 8.55-க்குள் எண்ணிக்கையும், எழுதியதில் பிடித்த ஒரே ஒரு வாக்கியமும். எழுதும் இருபது நிமிடத்துக்கு இணையம் தேவையில்லை, ஆகவே அலைவரிசை எட்டாத தோட்டத்திலும் விளையாடலாம்.

எண்ணிக்கையில் வேகமானவர்களே எப்போதும் வென்றால் மூன்றாம் வாரம் பாதிப் பேர் காணாமல் போவார்கள். ஒவ்வொருவரும் முதல் மூன்று ஓட்டத்தின் சராசரியைத் தன் அளவாக வைத்துக்கொள்ளட்டும். புள்ளி அந்த அளவுக்கு எத்தனை விழுக்காடு என்பது. 120 சொல் அளவுள்ளவர் 150 எழுதினால் 125. 400 அளவுள்ளவர் 420 எழுதினால் 105. முதலாமவருக்கே வெற்றி. இன்னொன்று, அந்த ஐந்து நிமிடத்தில் யாரும் யாருடைய வாக்கியத்தையும் திருத்தக் கூடாது. 'சந்திப்பிழை' என்று ஒருவர் எழுதினால் அடுத்த வாரம் வாக்கியமே வராது. ஒற்றும் சந்தியும் பார்க்க வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரபுக் கவிதைக்கு இப்படி ஏதும் விளையாட்டு உண்டா?
— கோயில் கமிட்டி உறுப்பினர்

பதில்: ஈற்றடி விளையாட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஒருவர் வெண்பாவின் கடைசி அடியைக் கொடுக்க, மற்றவர்கள் முன்னுள்ள மூன்றடியை எழுத வேண்டும். கொடுப்பவர் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒரு வாய்பாட்டில் முடிகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். தளை சரிபார்க்க அவலோகிதம் என்ற இலவச மென்பொருள் இணையத்தில் இருக்கிறது. பாட்டை இட்டால் அசை, சீர், தளை பிரித்துப் பாவகையைச் சொல்லும். முதலில் நீங்களே அலகிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அதில் ஒப்பிடுங்கள். நேராக அதிலேயே இட்டால் காது பழகாது.

கேள்வி: பழைய கதைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கின்றன. இவற்றை இந்தக் கருவிகளில் தொடர முடியுமா?
— அச்சகத் தொழிலாளி

பதில்: யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டியவை அவை, எழுத்து அழியவில்லை. எந்த எழுத்துருவில் எழுதினீர்கள் என்பது தெரிய வேண்டும். கோப்பை வேர்டில் திறந்தால் எழுத்துருப் பெட்டியில் பெயர் இருக்கும். என்எச்எம் கன்வர்டர் போன்ற மாற்றியில் அந்த எழுத்துருவுக்குரிய முறையைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக்குங்கள். முழுத் தொகுப்பையும் ஒரே தடவையில் போடாமல் முதலில் ஒரு பக்கம் மாற்றி, ஐகாரமும் ஔகாரமும் வரும் சொற்களையும், எண்களையும், மேற்கோள் குறிகளையும் கண்ணால் பாருங்கள். தவறு நேர்ந்தால் பெரும்பாலும் அங்கேதான் நேரும். நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் எழுதியிருந்தால் அதையும் தமிழாக்கிச் சிதைத்துவிடும், அந்த இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை விரலியில் (பென்டிரைவ்) ஒரு பிரதியும் மின்னஞ்சலில் ஒரு பிரதியும் வைத்த பிறகே மாற்றத் தொடங்குங்கள். மாற்றியதைப் புதுப் பெயரில் சேமியுங்கள், பழையதன் மேல் எழுதாதீர்கள்.